பொம்மையில் இல்லாதது

இந்த நாற்காலியில் ஆள் இருக்காங்களாம்மா? இல்லையா, சரி. கூடையை எடுக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் இந்த ஓரத்தில் உட்கார்ந்துக்கிறேன்.

நான் பேஷன்டோடு வந்தவன் இல்லைங்க. சிஸ்டர் மேபலைப் பார்க்க வந்திருக்கேன். பதினொரு மணிக்கு வந்தேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "டூட்டில நிக்கேன் சாரே, இருங்க"ன்னு ஒரு வார்த்தை. இப்போ மணி ஒண்ணே முக்கால். ஒரே ஒரு கையெழுத்து, அதுக்கு இவ்வளவு நேரம். இருக்கட்டும். காத்திருக்கிறது எனக்குப் புதுசு இல்லை. எட்டு மாசம் காத்திருந்தவன் நான்.

உள்ளே உங்க வீட்டுக்காரரா? ரெண்டு வருஷமா டயாலிசிஸா? நெகமத்திலிருந்தா வர்றீங்க? அடேயப்பா, அவ்வளவு தூரம்.

அந்தச் சுவரில் டிவி மாதிரி ஒண்ணு ஓடுதே, டோக்கன் நம்பர் எல்லாம் வருதே, அதில் வலது பக்கம் மேல் மூலையைப் பாருங்க. ஒரு மணி படம். பக்கத்தில் சிவப்பா மூணுன்னு இருக்கா? எப்போ பார்த்தாலும் மூணுதான். காலையில் மூணு, சாயங்காலமும் மூணு. நர்ஸ் பிள்ளைங்க அதைப் பார்த்து, "மூணு பேரு நம்மளக் கூப்பிடுறாங்கடீ, யாருன்னுதான் தெரியல"ன்னு சிரிக்கிறாங்களாம். எல்லாரும் கோளாறுன்னு நினைக்கிறாங்க. கோளாறு இல்லை. நான் எழுதினது. நாலாம் அத்தியாயம், பதினேழாவது தேவை: 'மணிச் சின்னத்தின் அருகில் மூன்று என்ற எண் சிவப்பு நிறத்தில் தெரிய வேண்டும்.' கையெழுத்தோட இருக்கு.

சிரிக்கிறீங்களா? சிரிங்க. நானும் அதை எழுதின அன்னிக்கு வீட்டுக்குப் போய்த் தனியா உட்கார்ந்து சிரிச்சேன்.

என் வேலை என்னன்னு சொன்னால்தான் உங்களுக்கு இது புரியும். சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அதில் நான் சீனியர் பிசினஸ் அனலிஸ்ட். பெயரைப் பார்த்துப் பயப்படாதீங்க. ஒரு ஆஸ்பத்திரிக்கோ மில்லுக்கோ சாஃப்ட்வேர் வேணும்னா, அது என்னென்ன செய்யணும்னு முதலில் ஒருத்தன் உட்கார்ந்து எழுதணும். சும்மா கதை மாதிரி எழுத முடியாது. நம்பர் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை, ஒரு வரிகூடச் சந்தேகம் வராத மாதிரி. அதைத்தான் தேவை ஆவணம்னு சொல்றது. ஆபீசில் சுருக்கமா டாக்குமென்ட். அதில் வாங்குறவங்களும் கையெழுத்துப் போடணும், நம்ம ஆளும் கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம் ஹைதராபாத்தில் இருக்கிற பசங்க அதைப் பார்த்து புரோகிராம் எழுதுவாங்க. அவங்க இந்த ஆஸ்பத்திரியைக் கண்ணால் பார்த்தது இல்லை. அவங்களுக்கு நான் எழுதினதுதான் ஆஸ்பத்திரி.

இருபத்திரண்டு வருஷம் இதைச் செஞ்சிருக்கேன்மா. நான் எழுதின டாக்குமென்டில் 'இது விட்டுப்போச்சு'ன்னு ஒருத்தர் வாயைத் திறந்தது கிடையாது. மூணு வாரம், நாலு வாரம் போய் உட்கார்ந்திடுவேன். நூல் மில்லில் உட்கார்ந்திருக்கேன், கறிக்கோழிப் பண்ணையில் உட்கார்ந்திருக்கேன். இந்த டயாலிசிஸ் யூனிட்டில் பத்தொன்பது நாள். சிஸ்டர் மேபல் பின்னாடியே நோட்டை வெச்சுக்கிட்டு நடந்தேன். அந்தம்மா மார்த்தாண்டத்துக்காரங்க, வேகமாப் பேசுவாங்க, ஒண்ணு சொல்லும்போதே ரெண்டாவது காரியத்துக்குப் போயிடுவாங்க. ஆனாலும் ஒண்ணுகூட விடலை. நூற்றெண்பத்தாறு பக்கம் வந்தது. ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஆறு பிரதி எடுத்தேன்.

அப்போதான் யஷ்வந்த் வந்தான்.

இருபத்தொன்பது வயசு. பெங்களூரிலிருந்து வந்தவன். அவன் வேலை ப்ரோட்டோடைப் பண்றது. அதாவது மாதிரி. நான் பொம்மைன்னு சொல்லுவேன். திரையில் எல்லாம் இருக்கும். தொட்டால் நகரும், அமுக்கினால் பச்சையாகும். உள்ளே ஒண்ணும் கிடையாது. ஜவுளிக்கடை வாசலில் புடவை கட்டி நிக்குதே, அந்த மாதிரி. தள்ளினால் விழுந்திடும். ஆனால் பார்க்கிறவங்களுக்கு அதான் பிடிக்கும். வாராவாரம் ஒரு பொம்மை காட்டி, "இது இப்படி வேணுமா, அப்படி வேணுமா"ன்னு கேட்டு, அடுத்த வாரம் மாத்திக் காட்டுவாங்க. அதுதான் இப்போ நாகரிகம்.

முதல் மீட்டிங். இதே ஆஸ்பத்திரி, மாடியில் கான்ஃபரன்ஸ் ஹால். பெரிய டாக்டர் தெய்வசிகாமணி நடுவில் உட்கார்ந்திருக்கார். எங்க மேனேஜர் ரகோத்தமன் இந்தப் பக்கம். நான் ஆறு பிரதியையும் மேசையில் அடுக்கி, ஒண்ணாம் அத்தியாயத்தை ஆரம்பிக்கப் போறேன். யஷ்வந்த் எழுந்தான். "சார், ஒரு ரெண்டே நிமிஷம், இத மட்டும் பாத்துடுங்க"ன்னு புரொஜெக்டரைப் போட்டான். படம் சுவரில் பாதிதான் விழுது, மீதி டாக்டர் சட்டையில் விழுது. இவன் சுற்றும் முற்றும் பார்த்தான். என்கிட்ட வந்து, "அண்ணா, அதக் கொஞ்சம் குடுங்க"ன்னான். நான் என்னவோ காட்டத்தான் கேட்கிறான்னு நினைச்சு ஒரு பிரதியை நீட்டினேன். வாங்கிப் புரொஜெக்டருக்கு அடியில் வெச்சான்.

கச்சிதமா உட்கார்ந்தது. படம் நேரா விழுந்தது.

யாரும் பெரிசா சிரிக்கலை. அதுதான் கொடுமை. பெரிசா சிரிச்சிருந்தால் நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேன். டாக்டர் மட்டும், "பரவால்லையே, அளவெடுத்து எழுதுன மாதிரியே இருக்குதுங்களே"ன்னார். ரகோத்தமன் குனிஞ்சுக்கிட்டு ஃபோனைப் பார்த்தார். யஷ்வந்த் திரும்பிப் பார்த்து, "தேங்க்ஸ்ணா, லைஃப் சேவர் நீங்க"ன்னான். அந்த மீட்டிங் முடியுற வரைக்கும், ஒண்ணேகால் மணி நேரம், என்னோட நூற்றெண்பத்தாறு பக்கம் புரொஜெக்டருக்கு அடியில் சூடாகிக்கிட்டு இருந்தது. மீதி ஐந்தை யாரும் திறக்கலை.

வேணும்னு பண்ணலைன்னு சொல்றீங்களா? நீங்க அவன் முகத்தைப் பார்க்கலைம்மா.

மறுநாள் ரகோத்தமன் கூப்பிட்டார். "கனகவேல், ரெண்டையும் சேத்துடலாம். அவன் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காட்டட்டும். டாக்டர் ஓகே சொன்னத நீங்க திங்கட்கிழமைக்குள்ள டாக்குமென்ட் ஆக்கிடுங்க. செவ்வாய்க்கிழமை சைன் வாங்கிடலாம். வேகத்துக்கு வேகமும் ஆச்சு, முறைக்கு முறையும் ஆச்சு." கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு நல்ல வழி. ஆனால் பாருங்க, அதுவரைக்கும் நான் ஆஸ்பத்திரியைப் பார்த்து எழுதினவன். அன்னியிலிருந்து பொம்மையைப் பார்த்து எழுதுறவன். இருபத்தொன்பது வயசுப் பையன் விரலால் தள்ளுறான், ஐம்பத்தொரு வயசுக்காரன் குறிப்பெடுக்கிறான்.

அப்பவும் நான் நியாயமாத்தான் நடந்தேன். ரெண்டாவது வாரம் டாக்குமென்டில் ஒரு வரி சேர்த்தேன். கரண்ட் போனால் கையில் எடுத்துப் பார்க்க ஒரு பட்டியல் அச்சாகி வரணும்னு. அது பொம்மையில் இல்லை. ஆனால் தேவைதானே? யஷ்வந்த் மீட்டிங்கில், எல்லார் முன்னாடியும், "அண்ணா, நான் இத காட்டவே இல்லையே, எங்கிருந்து வந்துச்சு? ஹைதராபாத் டீம் குழம்பிடுவாங்கண்ணா"ன்னான். அன்னிக்குச் சாயங்காலமே ரகோத்தமன் ஒரு மெயில் போட்டார். ஒரே வரி. 'ப்ரோட்டோடைப்பில் இல்லாத எதுவும் டாக்குமென்டில் வரக் கூடாது. ப்ரோட்டோடைப்பில் இருக்கும் எதுவும் டாக்குமென்டில் விடுபடக் கூடாது.'

அந்த மெயிலை அச்சடிச்சு வெச்சிருக்கேன். இதோ, இந்தப் பையில் இருக்கு. படிக்கிறீங்களா? சரி, பரவாயில்லை.

அதைப் படிச்சதும் எனக்குக் கோபம் வரலைம்மா. மனசு குளிர்ந்து போச்சு. சரி தம்பி, இதுதானே உங்க சட்டம், இதையே வெச்சுக்கலாம்னு நினைச்சேன்.

மூணாவது வாரத்திலிருந்து பொம்மையில் இருக்கிறது எல்லாம் எழுதினேன். எல்லாம்னா எல்லாம். மணிக்குப் பக்கத்தில் சும்மா அழகுக்கு ஒரு மூணு போட்டிருந்தான். எழுதினேன். டூட்டி டாக்டர் பேரு வர்ற இடத்தில் எதையோ நிரப்பணுமேன்னு 'டெஸ்ட் ஒன்று', 'டெஸ்ட் இரண்டு'ன்னு வெச்சிருந்தான். எழுதினேன். ஒரு பொத்தானைத் தொட்டால் ஒண்ணும் ஆகாது, வெறும் படம். 'இப்பொத்தானை அழுத்தும்போது எந்த மாற்றமும் நிகழக் கூடாது'ன்னு எழுதினேன். நம்பர் போட்டு. அவன் படிக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "எங்கண்ணா சைன்?"னு கேட்டுப் போட்டுட்டுப் போவான். டாக்டரும் அப்படித்தான். ஏழு வாரம், ஏழு கையெழுத்து. அப்புறம் ஹைதராபாத்தில் புரோகிராம் எழுதி முடிக்க ஆறு மாசம்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசியில் திரும்பி ஒண்ணு கேட்பான்: "அண்ணா, ஏதாச்சும் விட்டுப்போச்சா? நீங்கதான உள்ள போயி பாத்துருக்கீங்க." எல்லார் முன்னாடியும். எவ்வளவு கொழுப்பு பாருங்க. என்னமோ என்மேல் மதிப்பு இருக்கிற மாதிரி. நான் சிரிச்சுக்கிட்டே, "நீ காட்டுனது எல்லாம் எழுதிட்டேன் தம்பி"ன்னு சொல்லுவேன். பொய்யில்லை. ஏழு தடவையும் அதே பதில்.

விட்டுப்போனது ஒண்ணு இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்றேன்.

உள்ளே பன்னிரண்டு மெஷின். உங்களுக்குத் தெரியுமே. பத்து மெஷின் ஹாலில், பதினொண்ணும் பன்னிரண்டும் கடைசியில் தனி அறையில். வாசலில் மஞ்சள் திரை தொங்கும். ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அந்த ரெண்டும். மத்தவங்களை அங்கே போடவே கூடாது. போட்டால் இவங்களுக்கும் தொத்திக்கும். இது சிஸ்டரோட ஷிப்ட் நோட்டில் எங்கேயும் எழுதி இருக்காது. எல்லாருக்கும் தெரியும், அதனால் எழுதலை. பத்தொன்பது நாளில் பதினாலாவது நாள் சிஸ்டர் போகிற போக்கில் சொன்னாங்க: "சாரே, மஞ்ச ரூமுக்கு மத்த ஆளுவள மாத்தாண்டாம், கேட்டியளா? அத முதல்ல எழுதுங்க." எழுதினேன். அடிக்கோடு போட்டேன். இதுதான் எங்க தொழிலே. ஊருக்கே தெரியும்னு யாரும் எழுதாமல் விட்டது எதுவோ, அதைப் பிடிச்சு எழுதுறவன்தான் அனலிஸ்ட். அந்த நூற்றெண்பத்தாறு பக்கத்தில் அது ஐந்தாம் அத்தியாயத்தில் முதல் வரி.

ஆனால் பொம்மையில் இல்லை. பொம்மையில் பன்னிரண்டு கட்டமும் ஒரே மாதிரி, ஒரே நீலம். யஷ்வந்துக்கு ஒரு பெரிய வித்தை இருந்தது. ஒரு மெஷின் கெட்டுப்போனால் ஒரு பொத்தான். அமுக்கினால் அந்த ஆள் தானாகவே அடுத்த காலி மெஷினுக்கு நகர்ந்து போயிடுவார். டாக்டருக்கு அது ரொம்பப் பிடிச்சது. நாலு தடவை அமுக்கிப் பார்த்தார். 'காலியாக உள்ள அடுத்த இயந்திரத்திற்கு நோயாளி தானாக மாற்றப்பட வேண்டும்.' எழுதினேன். எந்த இயந்திரம்னு அவன் காட்டலை, நானும் எழுதலை.

சிஸ்டரை அந்த வெள்ளிக்கிழமை டெமோவுக்கு யாரும் கூப்பிடலை. ஒரு நாள் வராண்டாவில் என்னைப் பார்த்து, "மஞ்ச ரூம் காரியம் சொன்னியளா சாரே?"ன்னு கேட்டாங்க. "எழுதியாச்சு சிஸ்டர்"னேன். அதுவும் பொய்யில்லை. எழுதித்தான் இருந்தேன். எந்த டாக்குமென்டில்னு அவங்க கேட்கலை.

நான் என்ன நினைச்சேன்னா, இது கண்டிப்பா நிஜ சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்க்கிற சோதனை நாளில் தெரியும். எல்லாரும் இருப்பாங்க. டாக்டர் இருப்பார், ரகோத்தமன் இருப்பார். சுவர் முழுக்கப் பெரிசாத் தெரியும். அப்போ அவன் என் பக்கம் திரும்பணும். அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் கேட்கலை.

போன வாரத்துக்கு முந்தின வாரம் அந்த நாள் வந்தது. நிஜ சாஃப்ட்வேர், நிஜ பேஷன்டுங்க. டாக்டர் ஒரு உத்தரவு போட்டுட்டார்: "இன்னைக்கு ஒரு நாள் நோட்ட மூடி வைங்க. ஸ்கிரீன் என்ன சொல்லுதோ அதப் பண்ணுங்க. அப்பத்தான் தெரியுமுங்க." சிஸ்டர் மேபலையும் மாடிக்கு வரச் சொல்லிட்டாங்க, பெருமையாக் காட்டணுமே. கீழே யூனிட்டில் அனுசுயான்னு ஒரு பொண்ணு, வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆச்சு. இன்னும் ரெண்டு பேர்.

மாடியில் சுவர் முழுக்க அந்தப் பன்னிரண்டு நீலக் கட்டம். முதல் ஷிப்ட் நல்லாவே போச்சு. டாக்டர் எல்லாருக்கும் டீயும் மெதுவடையும் வரவழைச்சார். ரெண்டாவது ஷிப்ட் ஆரம்பிச்சது. நாலாம் மெஷினில் தண்ணி ஏதோ கோளாறு. கீழே டெக்னீஷியன் 'வேலை செய்யவில்லை'ன்னு குறிச்சுட்டார் போல. சுவரில் நாலாம் கட்டம் சிவப்பாச்சு. "பாருங்க சார், இப்ப பாருங்க"ன்னு யஷ்வந்த் எழுந்து நின்னுட்டான். அந்த வாரம் பதினொண்ணாம் மெஷின் ஆள் ஏதோ சாவுக்காக ஊருக்குப் போயிருந்தாராம், அது காலி. நாலில் இருந்த பேரு அப்படியே மிதந்து போய், ஆத்தில் இலை போற மாதிரி, பதினொண்ணில் உட்கார்ந்தது.

எல்லாரும் கை தட்டினாங்க.

முதலில் பார்த்தது நான்தான்மா. சிஸ்டர் அப்போ டீயை வாங்கிக்கிட்டு இருந்தாங்க, சுவரைப் பார்க்கலை. நான் பார்த்தேன். பதினொண்ணு. எட்டு மாசம்! நான் திரும்பி யஷ்வந்த் முகத்தைப் பார்த்தேன். இன்னும் அவனுக்குத் தெரியலை. பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். தெரியாமல் நிக்கிற அந்த முகத்தை நான் பார்க்க வேண்டி இருந்தது. கொஞ்ச நேரம்தான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. முக்கால் நிமிஷம்.

அப்புறம் சிஸ்டர் சுவரைப் பார்த்தாங்க. டம்ளர் கீழே விழுந்தது. "எம்மோ, பதினொண்ணா!"ன்னு ஒரு சத்தம். செருப்பு ஒண்ணு ஹாலிலேயே கிடக்குது, அந்தம்மா ஒத்தச் செருப்போட படியில் இறங்கி ஓடுறாங்க. நாங்க எல்லாரும் பின்னாடி.

ஒண்ணும் ஆகலை. பதறாதீங்க. அந்த ஆளை மஞ்சள் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வெச்சு, கையைத் துடைச்சு, அனுசுயா ஊசியைக் கையில் எடுத்திருந்தாள். குத்தலை. சிஸ்டர் வாசலிலிருந்தே கத்தினாங்க, அவள் நிறுத்திட்டாள். அவ்வளவுதான். அந்த ஆளை வெளியே கொண்டுவந்து உட்கார வெச்சுட்டாங்க, வேற மெஷின் காலியாகுற வரைக்கும். அனுசுயா ஏன் அப்படி அழுதுச்சுன்னு தெரியலை. மெமோ குடுத்தாங்களாம். "ஸ்கிரீன்ல வந்துச்சு, ஸ்கிரீன்ல வந்துச்சு"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

திரும்ப மாடிக்கு வந்தோம். டாக்டர் மேசையில் குத்தினார்: "யாரு பண்ணுன வேலைங்க இது?" நான் எழுந்தேன். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் அப்படி எழுந்தது இல்லை. டாக்குமென்டை எடுத்து, ஆறாம் அத்தியாயம், ஒன்பதாவது தேவை, வாசிச்சேன். கையெழுத்தைக் காட்டினேன். யஷ்வந்த், டாக்டர், ரெண்டு பேர் கையெழுத்தும். அப்புறம் ரகோத்தமன் மெயிலைக் காட்டினேன். பொம்மையில் இல்லாத எதுவும் வரக் கூடாது. "பொம்மைல மஞ்சள் அறை இல்லைங்க சார். அதனால டாக்குமென்ட்ல இல்லை. டாக்குமென்ட்ல இல்லாதது சாஃப்ட்வேர்ல எப்படி வரும்?"னேன்.

அப்போ பார்க்கணும் யஷ்வந்தை. முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். "அண்ணா, எனக்குத் தெரியாதுண்ணா. நெஜமாவே தெரியாது. நான் உங்களக் கேட்டேனேண்ணா, ஒவ்வொரு வாரமும்..." அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இன்னொரு எட்டு மாசம்கூட இருந்திருப்பேன்.

அங்கேயே முடிஞ்சிருக்கணும். கதை அங்கே முடிஞ்சிருந்தால் எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

சிஸ்டர் உள்ளே வந்தாங்க. ஒத்தச் செருப்போட. டாக்டர், "மஞ்சள் ரூம் பத்தி நீங்க யாருகிட்டயுமே சொல்லலீங்களா சிஸ்டர்?"ன்னு கேட்டார். அந்தம்மா டாக்டரைப் பார்க்கலை. என்னைப் பார்த்தாங்க. "இந்தச் சாருகிட்ட சொன்னேன்லா? எழுதினாவளே, கோடுகூட போட்டாவளே. பொறவும் ஒருக்கா கேட்டேன். எழுதியாச்சுன்னாவ." அவ்வளவுதான் சொன்னாங்க. திட்டலை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான் விதியைச் சொன்னேன். பொம்மையில் இல்லைன்னு சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். டாக்டர் கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?" இது என்னம்மா கேள்வி? தெரியுறது வேற, தேவை வேற. தெரிஞ்சதை எல்லாம் எழுதினால் புரொஜெக்டருக்கு அடியில்தானே வைக்கிறீங்க?

இப்போ என்னை லீவில் இருக்கச் சொல்லியிருக்காங்க. திங்கட்கிழமை விசாரணை. யஷ்வந்த் வேலையில் இருக்கான், பார்த்தீங்களா நியாயத்தை. மஞ்சள் அறையைச் சேர்த்து புதுப் பொம்மை பண்றானாம், சிஸ்டர் மேபல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல. என் நாற்காலியில் இப்போ சிஸ்டர். அவன் தப்பிச்சுக்கிட்டான். நான் சும்மா விடமாட்டேன். சிஸ்டர் ஒரு கடிதம் குடுத்தால் போதும், திங்கட்கிழமை மறுபடியும் அவனை அதே மாதிரி நிக்க வைப்பேன். கடிதம் நானே எழுதிக் கொண்டுவந்திருக்கேன், அவங்களுக்கு எதுக்குச் சிரமம். மூணே வரி, சிஸ்டரே சொல்ற மாதிரி. ஒண்ணு, மஞ்சள் அறை பற்றி நான் பேச்சுவாக்கில் சொன்னேனே தவிர, தேவையாகச் சொல்லவில்லை. ரெண்டு, அதை ஆவணத்தில் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. மூணு, அன்றைய தினம் எந்த நோயாளிக்கும் எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை. கீழே கையெழுத்து.

என்னங்க? எந்தக் கிழமையா? புதன்கிழமை. ஆமா, ரெண்டாவது ஷிப்ட்.

ஆள் பேரா? பேரு ஞாபகம் இல்லைம்மா. நாங்க நோயாளின்னுதான் எழுதுவோம், பேரு போடமாட்டோம். ஒல்லியா, கட்டம் போட்ட லுங்கி.

நாச்சிமுத்துவா? ஆமாங்க. நாச்சிமுத்து. சுவரில் அந்தப் பேருதான் போச்சு. உங்களுக்கு எப்படி...

ஓ.

அப்போ அன்னிக்கு வெளியே ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது உங்க வீட்டுக்காரரா? மெஷினுக்குத் தண்ணி வரலைன்னா சொன்னாங்க உங்ககிட்ட? சரிதான். அதுவும் பொய்யில்லையே, நாலாம் மெஷினுக்குத் தண்ணிதான் கோளாறு. கால் ரெண்டும் வீங்கி, மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாரா. அது எனக்குத் தெரியாது. அது டாக்குமென்டில் வராது. ஆனால் இப்போ நல்லா இருக்காரில்ல? உள்ளேதானே இருக்கார். நாலாம் மெஷின்தானே?

அப்படின்னா அம்மா, ஒரு உதவி. கோவிச்சுக்கக் கூடாது. சிஸ்டர் இப்போதைக்கு வர்ற மாதிரி தெரியலை. அந்த மூணாவது வரி இருக்கே, எந்தப் பாதிப்பும் இல்லைன்னு. அதைச் சிஸ்டர் சொல்றதைவிட நீங்க சொன்னால் இன்னும் நல்லா இருக்கும். நீங்கதானே வீட்டுக்காரம்மா. இதோ கீழே இடம் இருக்கு. உங்க பேரு, ஊரு, ஒரு கையெழுத்து.

என் பேரா? கனகவேல். எதுக்கு... ஓ, எழுதிக்கிறீங்களா? நல்லது, எழுதிக்கோங்க. உங்க வீட்டுக்காரர் ஃபைல் அட்டையில் எழுதினால் அழிஞ்சு போயிடும், இந்தாங்க வெள்ளைத்தாள். பேனா இருக்கா? சரி. மெதுவாவே சொல்றேன். கனகவேல், சீனியர் பிசினஸ் அனலிஸ்ட். கம்பெனி பேரையும் போட்டுக்கோங்க, சொல்றேன்.

இடம், மாடி, கான்ஃபரன்ஸ் ஹால். நேரம், பகல் பன்னிரண்டு நாற்பது. யார் யார் இருந்தாங்கன்னா? டாக்டர், ரகோத்தமன், யஷ்வந்த், சிஸ்டர் மேபல், நான். ஆமா, நான் சுவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் பார்த்தது நான்தான். அதைத் தனி வரியாப் போடுங்க, நம்பர் போட்டு. ஒரு வரிக்கு ஒரு விஷயம்தான் இருக்கணும்.

நல்ல கையெழுத்துங்க உங்களுக்கு. எங்கே, காட்டுங்க.

இல்லை இல்லை, இங்கே ஒரு நிமிஷம்னு எழுதியிருக்கீங்க பாருங்க. அதை அடிச்சிடுங்க. முக்கால் நிமிஷம். இந்த மாதிரி விஷயமெல்லாம் துல்லியமா இருக்கணும்மா.